பட்டியலில் விட்டுப்போன பெயர்

அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இருநூறு பக்க லாங்சைஸ் நோட்டு. இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வாங்கியதில் மிஞ்சியது. 2020 மே மாதம், ஒரகடம் பக்கத்தில் எங்கள் சேரியைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் முடங்கிக் கிடந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பெயர்களை அதில்தான் எழுதினேன். பெயர், அப்பா பெயர், ஆதார் எண், செல் நம்பர், மாநிலம், மாவட்டம், இறங்க வேண்டிய ஸ்டேஷன், காய்ச்சல் இருமல் உண்டா இல்லையா. எட்டுக் கட்டம், மொத்தம் 143 பேர். கடைசிப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அந்த வட்டம் ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் தப்பும் அதில் இருக்கிறது.

முதலில் எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம் வடகால், ஒரகடம் வரைக்கும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், செல்போன் என்று எல்லாம் செய்கிறார்கள். என் சின்ன வயசில் இதெல்லாம் ஏரிப்பாசன நெல்வயல். சிப்காட்டுக்கு நிலம் எடுத்தபோது பட்டா வைத்திருந்த ஊர்க்காரர்களுக்குக் காசு வந்தது. அந்தக் காசில் லைன் வீடு கட்டினார்கள். எங்களிடம் கொடுக்க நிலம் ஏது? 1891இல் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதித்தான் பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்தது. அதில் எங்கள் குடும்பத்துக்கு வந்த துண்டும் தாத்தா காலத்திலேயே கைமாறிப் போயிற்று. ஆகவே கம்பெனி வந்ததும் எங்கள் சேரிப் பெண்கள் ஹவுஸ்கீப்பிங்குக்கும் கேன்டீனுக்கும் போனார்கள். ஆண்கள் லோடு ஏற்றப் போனார்கள். எம்.ஏ. தமிழ் முடித்த நானும் ஒரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவள்தான்.

லைன் வீடு என்றால் பத்துக்குப் பத்து ரூம். ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். நாலு பேர் டே ஷிப்ட் போனால் நாலு பேர் தூங்குவார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அந்த ரூமில் இருந்ததே கிடையாது, 2020 மார்ச் 24 வரைக்கும். அன்றைக்கு ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார், 12 மணிக்கு நாடு மூடப்பட்டது. நாலு மணி நேரம் அவகாசம். மறுநாள் கம்பெனி பஸ் வரவில்லை. கான்ட்ராக்டர் போன் சுவிட்ச் ஆஃப். எட்டுப் பேரும் ரூமுக்குள்ளே. வீட்டுக்கார கவுண்டரம்மா தண்ணி மோட்டாரை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் போட்டது. அடுத்தவனிடமிருந்து ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். அந்த ரூமில் நிற்க இடம் கிடையாது.

இதை எழுதும்போது இன்னொரு காட்சியும் கண்முன் வருகிறது. சீனாவின் ஊஹானில் நோய் பரவியபோது, 2020 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதல் தேதியிலுமாக ஏர் இந்தியா விமானம் இரண்டு நடை போய் 647 இந்தியர்களையும் மாலத்தீவுக்காரர்கள் 7 பேரையும் கூட்டிவந்தது. மானேசரிலும் சாவ்லாவிலும் முகாம்கள் தயாராக இருந்தன. கட்டில், சாப்பாடு, டாக்டர் எல்லாம் உண்டு. ஏப்ரலில் சென்னையிலிருந்து கொரியர்களை ஏற்றிக்கொண்டு தனி விமானங்கள் அவர்கள் நாட்டுக்குப் போயின. மே 7இல் வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. துபாயில் டிரைவராக இருந்த என் அத்தை மகன் அதில்தான் டிக்கெட் போட்டு வந்தான். அனுப்பியது தப்பு என்று நான் சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட மனுஷனை வீட்டுக்குக் கூட்டிவருவது அரசின் கடமை. வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கூட்டிவருவதற்கு முதல் நாளே இடம், வண்டி, பெயர்ப்பட்டியல் எல்லாம் யோசிக்கத் தெரிகிற அரசுக்கு, ஒரகடத்திலிருந்து ஒடிசாவுக்குப் போக வேண்டியவனைப் பற்றி ஏன் முப்பத்தேழு நாள் யோசிக்கத் தெரியவில்லை என்பதுதான் என் கேள்வி. முதல் ஷ்ராமிக் ரயில் மே 1ஆம் தேதிதான் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹாட்டியாவுக்குக் கிளம்பியது.

ரயில் விட்டதும் எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அனுப்புகிற மாநிலம் பட்டியல் கொடுக்க வேண்டும். கூட்டிக்கொள்கிற மாநிலம் சம்மதிக்க வேண்டும். இந்தச் சம்மதம் தேவையில்லை என்று ஆனதே மே மூன்றாவது வாரத்தில்தான். முதலில் ஒரு ரயிலுக்கு 1,200 பேர், நடு பெர்த்தில் ஆள் கூடாது. பிறகு 1,700 வரைக்கும் ஏற்றினார்கள். காய்ச்சல் பார்க்க வேண்டும், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக பஸ் வேண்டும், பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக விட வேண்டும். டிக்கெட் காசு யார் கொடுப்பது என்று ஒரு சண்டை. தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மே 28இல். அதற்குள் எத்தனையோ பேர் காசு கொடுத்தே போயிருந்தார்கள். இவ்வளவுக்கும் அடிப்படை பெயர்ப்பட்டியல்தான். மாநிலம் விட்டு மாநிலம் வருகிற தொழிலாளர்களுக்காக 1979இல் போட்ட சட்டப்படி அப்போது கான்ட்ராக்டர் பதிவேடு வைத்திருக்க வேண்டியிருந்தது, போக வர வழிச்செலவும் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிவேடு ஒழுங்காக இருந்திருந்தால் நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க வேண்டியதில்லை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் எழுதினோம். எனக்கு இந்தி தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த கம்பெனித் தமிழிலும் கையாட்டலிலும் பேசி எழுதினோம். கடைசி நாள் சாயங்காலம் வி.ஏ.ஓ. போன் பண்ணி, "ஏம்மா, ஆறு மணிக்குள்ள லிஸ்ட் வரலன்னா அடுத்த ட்ரெயினுக்குத்தான்" என்றார். கடைசி லைனின் கடைசி ரூமில் ஒடிசா பையன் ஒருத்தன். இருபது வயசு இருக்கும். ஆதார் அட்டை ஊரில் இருக்கிறது என்றான். நம்பரை மனப்பாடமாகச் சொன்னான். ரூமில் எல்லாரும் ஒரு செல்லப் பெயரில்தான் அவனைக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் அதையே எழுதிக்கொண்டேன். உன் முழுப் பேர் என்னடா தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் செல்லுக்கு மெசேஜ் வந்தது. ஒடிசாக்காரர்கள் 38 பேரில் 37 பேருக்கு வந்தது. மெசேஜ் வராதது பற்றி அவனும் சொல்லவில்லை. கூட இருந்தவர்களுக்கு வந்ததால் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டான். ராத்திரி பதினொன்றரைக்கு ரோட்டுமேல் பஸ் வந்து நின்றது. போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பெயர் வாசிக்க, ஒவ்வொருத்தனாக நெற்றியைக் காட்டி ஏறினான். எல்லாரும் ஏறிய பிறகு அவன் மட்டும் பையோடு கீழே நின்றான். கம்ப்யூட்டரில் பெயரும் நம்பரும் ஒத்துப்போகவில்லை, தூக்கிவிட்டிருக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "பட்டியல்ல பேர் இல்லாதவன ஏத்துனா என் வேல போயிடும்மா. அடுத்ததுல அனுப்பலாம்" என்றார். அவரும் தூக்கம் கெட்ட ஆள்தான். பாதி சீட்டு காலியாக பஸ் கிளம்பிப் போயிற்று.

"அக்கா, என் பேர் இல்ல?" என்று கேட்டான் அவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து லைன் வீட்டுக்குப் போனால் ரூம் பூட்டிக் கிடந்தது. என் தம்பியின் பழைய சைக்கிளை 1,200 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு விடிகாலையிலேயே போய்விட்டானாம். கஞ்சம் மாவட்டம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நான் தம்பியைப் பிடித்து ஏசினேன். அவன் சொன்னான்: "நான் இன்னாக்கா பண்ணட்டும்? நீ ட்ரெயின் ஏத்தல. நான் சைக்கிளாவது குடுத்தேன்." அதற்குப் பதில் என்னிடம் இல்லை. மே 8ஆம் தேதிதான் மராட்டியத்தில் கர்மாட் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளிகள் மேல் சரக்கு ரயில் ஏறியிருந்தது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த சப்பாத்தியைப் பேப்பரில் பார்த்தவர்களுக்கு நான் எதை நினைத்துப் பயந்தேன் என்று புரியும்.

இனி தனிமைப்படுத்தலுக்கு வருகிறேன். இந்த வார்த்தை மற்றவர்களுக்குப் புதுசு, எங்களுக்கு அப்படி இல்லை.

மார்ச் கடைசியிலேயே ஊர்க்காரர்கள் வேலிகாத்தான் முள்ளை வெட்டி ஊர் முனையில் போட்டுவிட்டார்கள். வெளியாள் வரக் கூடாதாம். நல்லது. ஆனால் எங்கள் சேரிக்கு வழி ஊர்த்தெரு வழியாகத்தான். ரேஷன் கடை ஊருக்குள். கார்டுக்கு 1,000 ரூபாய் வாங்கப் போன எங்கள் பெண்களை முள்ளுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, "வடக்கத்தியானுங்களோட பொழங்குறவங்க நீங்க" என்றார்கள். அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டது யார் என்று கேட்க ஆளில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போய் வந்தோம். ரேடியோ, டி.வி. எல்லாவற்றிலும் 'சமூக இடைவெளி, சமூக இடைவெளி' என்று ஓயாமல் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் 'உடல் இடைவெளி' என்று மாற்றிச் சொல்லத் தொடங்கியது. இங்கே பழைய சொல்தான் பிடித்திருந்தது. எங்கள் ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டி.வி. சொல்வதை நான் விளக்கிச் சொன்னதும், "நோவு வந்தவன தள்ளி வெக்கிறாங்க, சரி. நம்மள இன்னா நோவுன்னுடி தள்ளி வெச்சாங்க?" என்று கேட்டது.

எங்கள் ஆள்களும் யோக்கியம் என்று நான் எழுதினால் அது பொய். கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி மே 5இல் மூடியபோது, அங்கே மூட்டை தூக்கிய எங்கள் சேரிக்காரர்கள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். சொந்தப் பங்காளிகளே கதவைச் சாத்திக்கொண்டார்கள். லைன் வீட்டுப் பையன்கள் எங்கள் பைப்பில் தண்ணி பிடிக்க வந்தபோது, "இந்திக்காரனுங்கள இங்க வுடாத" என்று குடத்தைத் தட்டிவிட்டது வேறு யாருமில்லை, என் அம்மாதான். தள்ளி வைக்கப்பட்டவர்களுக்கும் தள்ளி வைக்க ஒருத்தன் கிடைத்தால் கை சும்மா இருப்பதில்லை. இதை நாம்தான் எழுத வேண்டும்.

கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. ஊருக்குள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பன்னிரண்டு ரூம், கக்கூஸ், மதில் எல்லாம் உண்டு. அங்கே வைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கே முடிவு மாறியது. எங்கள் சேரியை ஒட்டியிருக்கும் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் விடுதிதான் முகாம். நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை தங்கிப் படித்த விடுதி அது.

சைக்கிள் பையன் போன இரண்டாம் நாள் சுகாதார ஆய்வாளர் போன் பண்ணினார். அந்த ராத்திரி பஸ் ஓட்டிவந்த டிரைவருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் 14 நாள் முகாமுக்கு வர வேண்டும். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு என் பழைய விடுதிக்கே போனேன். நான் படுத்த அதே ரூம். சுவரில் பிள்ளைகள் ஆணியால் கீறிய பெயர்கள் சுண்ணாம்புக்கு மேலேயும் தெரிந்தன. அதே மத்தியானம் ஊர்த்தெரு அம்மா ஒருத்தரை ஆம்புலன்ஸில் இறக்கினார்கள். கோயம்பேட்டில் காய்கறி வாங்கி விற்கிறவர். வராந்தாவில் நின்றபடி போர்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்தத் தெருப் பொண்ணும்மா?" என்றார். காலனி என்றேன். சாயங்காலம் வரைக்கும் அவர் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணிகூடக் குடிக்கவில்லை. யார் யாருக்கோ போன் போயிற்று. இருட்டினதும் ஒரு வண்டி வந்து அவரைக் கூட்டிப்போனது. வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ள அனுமதியாம். உயிர்ப் பயத்தையும் தாண்டி நிற்கிறது அந்த போர்டு.

முகாமில் மிஞ்சியது நாங்கள் ஒன்பது பேர். சமைத்தது எங்கள் தெரு அக்கா. கக்கூஸ் கழுவியது ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி, அருந்ததியர் பெண். அவருக்குக் கொடுத்தது ஒரு துணி மாஸ்க். கையுறை மூன்றாம் நாள்தான் வந்தது, அதுவும் நாங்கள் வெளியே வந்து கத்திய பிறகு.

அந்தப் பதினாலு நாளும் படித்ததையும் கேட்டதையும் நினைத்துக்கொண்டு கிடந்தேன். எம்.ஏ.வில் என்னோடு படித்த தோழி ஒருத்தி கோத்தகிரிக்காரி. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அவள் பாட்டி மண்டபம் முகாமை இரண்டு தடவை பார்த்தவர். போகும்போது அம்மா இடுப்பில், வரும்போது பேரப்பிள்ளையைத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை அந்நாட்டு அரசு நம் மண்ணிலேயே மண்டபத்தில் முகாம் போட்டு அடைத்து, அம்மை குத்தி, துணிகளை ஆவியில் வைத்து, சில நாள் கழித்துத்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றியது. போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு பண்ணியபோது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. திரும்பியவர்களும் மண்டபத்தில்தான் பதிவாக வேண்டும். "போறப்பயும் பேர் எழுதுனாங்க, வாரப்பயும் பேர் எழுதுனாங்க. ரெண்டு தடவையும் தப்பாத்தான் எழுதுனாங்க" என்று அந்தப் பாட்டி சொல்லுமாம். அப்போது சிரித்தேன். முகாமில் படுத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

தொற்று நோயாளியைப் பிரித்து வைப்பதை நான் எதிர்க்கவில்லை. 1377இல் ரகூசா துறைமுகத்தில் கப்பலில் வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தினார்கள். பின்னால் அது 40 நாளாயிற்று. அதில் ஒரு நியாயம் உண்டு. அந்த ஒதுக்கலுக்கு ஒரு கடைசி நாள் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1948இல் எழுதிய 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்தார். தீட்டு என்று கொஞ்ச காலம் ஒதுக்கி வைப்பது உலகத்தில் பல சமூகங்களில் இருந்தது. சடங்கு முடிந்தால் அந்த மனிதர் உள்ளே வந்துவிடுவார். இங்கே மட்டும்தான் ஒரு முழு மக்கள் கூட்டத்தைப் பிறப்பிலேயே, பரம்பரையாக, ஊருக்கு வெளியே நிரந்தரமாக நிறுத்தினார்கள் என்று காட்டினார். பதினாலாம் நாள் எனக்கு நெகட்டிவ் என்று சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு விடுதியிலிருந்து சேரிக்குத்தான் போக முடிந்தது.

இதே தொற்று நோய்ச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பம்பாய்ப் பிளேக்குக்காக 1897இல் போட்ட அந்தச் சட்டத்தைத்தான் 2020இலும் தூசி தட்டி எடுத்தார்கள். அதே 1897இல் புனே பக்கத்தில், பிளேக் வந்த மகர் சிறுவன் ஒருவனை முதுகில் சுமந்துகொண்டு தன் மகனின் மருத்துவ முகாமுக்குப் போனார் சாவித்திரிபாய் பூலே. அதிலேயே நோய் தொற்றி மார்ச் 10இல் இறந்தார். சாப்பேகர் சகோதரர்கள் பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்ட கதை பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது. சாவித்திரிபாய் செத்த கதை எனக்கு எந்த வகுப்பிலும் வரவில்லை. நாமாகத் தேடிப் படித்ததுதான்.

முகாமில் பதினோராம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். "அக்கா" என்றான். எனக்குக் கை நடுங்கியது. ஆந்திரா வரைக்கும் சைக்கிள், அப்புறம் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார், சைக்கிளை விற்று டீசலுக்குக் கொடுத்தேன் என்றான். இப்போது தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், அவனுக்கும் பதினாலு நாள். முடித்தால் ஒடிசா அரசு 2,000 ரூபாய் தரும். சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டேன். கிடைக்கிறது, எங்களுக்குத் தனி ரூம் என்றான். எங்களுக்கு என்றால்? கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நாங்க பாணோ" என்றான். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அங்கே பட்டியலில் இருக்கும் சாதி. நம்மைப் போல ஊருக்கு வெளியே. அம்மாவிடம் சொன்னபோது அது வெகுநேரம் எதுவும் பேசவில்லை. "அவன் கொடத்தயா நான் தட்டுனேன்?" என்று மட்டும் கேட்டது.

அவன் நம் ஆள் என்று தெரிந்ததால்தான் அம்மாவுக்கு வலித்தது. வேறு சாதிப் பையனாக இருந்திருந்தாலும் தண்ணி தண்ணிதானே என்று நான் சண்டை போட்டேன். அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஊர் திரும்பும்போது செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். அப்படிக் கணக்கு எதுவும் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. ஷ்ராமிக் ரயில்களுக்குள் 97 பேர் இறந்ததை மட்டும் ரயில்வே ஒத்துக்கொண்டது. 4,621 ரயில்களில் 63 லட்சத்துக்கு மேல் ஆள்களை ஏற்றியதற்குக் கணக்கு இருக்கிறது. நடந்தவனுக்கும் சைக்கிளில் போனவனுக்கும் இல்லை. யார் பெயரை எழுதினார்களோ அவர்களுக்குத்தான் ரயிலும் உண்டு, சாவுக் கணக்கும் உண்டு.

2021இல் அவன் திரும்பி வந்தான், அதே லைன், வேறு கான்ட்ராக்டர். நோட்டை எடுத்துப்போய்க் காட்டி, முழுப் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதினேன். ஆதார் அட்டையையும் வாங்கி நம்பரைச் சரிபார்த்தேன். நான் நினைவாக எழுதிய நம்பரில் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். வட்டத்தை அழிக்கவில்லை.

ஒரகடம், வல்லம், மாத்தூர்ப் பக்கம் இயங்குகிற தோழர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நோய் வந்த பிறகு நோட்டு வாங்கப் போகாதீர்கள். இப்போதே ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் போய் எழுதுங்கள். கூப்பிடுகிற பெயரை எழுதாமல், உட்கார்ந்து முழுப் பெயரையும் கேளுங்கள். அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அப்படியே நம் பைப்பில் அவர்கள் தண்ணி பிடிக்க முடிகிறதா என்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.